பேசின் பிரிட்ஜிலிருந்து சட்டக் கல்லூரிக்கு: எங்கெங்கே விண்ணப்பிப்பது?

பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் யூனிட் ரயில் ஏறினால் சில நிமிடங்களில் சென்ட்ரல். அங்கிருந்து பாரிமுனைக்கு ஒரு பஸ். 2018 வரை வடசென்னைப் பிள்ளைகளுக்குச் சட்டக் கல்லூரி இந்தத் தொலைவில்தான் இருந்தது. 1891-இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி உயர் நீதிமன்றத்தை ஒட்டிய சிவப்புக் கட்டடத்தில் நடந்துவந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரும் நீதிபதி கே. சந்துருவும் அங்கே படித்தவர்கள். 1990-இல் அந்தக் கல்லூரிக்கு அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்டது. 2008 நவம்பர் 12 அன்று அதன் வாசலில் நடந்த மாணவர் மோதலை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதை விசாரித்த நீதிபதி பி. சண்முகம் ஆணையம் கல்லூரியை இடம் மாற்றச் சொன்னது. பத்து ஆண்டு கழித்து, 2018-இல், கல்லூரி இரண்டாகப் பிரிந்து நகரத்தை விட்டே போனது. ஒரு பாதி திருவள்ளூரைத் தாண்டிப் பட்டரைப்பெரும்புதூரில். மறுபாதி கேளம்பாக்கம் பக்கம் புதுப்பாக்கத்தில்.

வியாசர்பாடியிலோ மூலக்கொத்தளத்திலோ பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவிக்கு இந்த இடமாற்றம் பெரிய செய்தி. எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி என்று கேட்டுக்கொண்டிருந்தவள், எந்தக் கல்லூரிக்குத் தினமும் போய்வர முடியும் என்றும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். விண்ணப்பப் பட்டியல் போடும்போது பெரும்பாலான குடும்பங்கள் இந்த இரண்டாவது கேள்வியைக் கடைசியில்தான் கேட்கின்றன. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

அதற்குக் காரணம் இருக்கிறது. சட்டப் படிப்பின் செலவு கல்லூரிக் கட்டணத்தோடு முடிவதில்லை. ஐந்து ஆண்டு படிப்பு, அதன்பின் ஒரு சீனியரிடம் ஜூனியராக இரண்டு மூன்று ஆண்டு. இந்த எட்டு ஆண்டுகளில் வீட்டுக்கு வருமானமாக வரும் தொகை மிகவும் குறைவு. துறைமுகத்திலோ ரயில்வே யார்டிலோ தண்டையார்பேட்டைப் பட்டறையிலோ ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீடு இந்த எட்டு ஆண்டைத் தாங்குமா என்பதுதான் கணக்கு. மாத இதழ்கள் வெளியிடும் தரவரிசைப் பட்டியலில் இந்தக் கணக்குக்கு இடமில்லை.

அடுத்து, படித்து முடித்ததும் எந்த நீதிமன்றத்தில் நிற்கப்போகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். பெரிய நிறுவனத்தின் சட்டப் பிரிவில் சேர விரும்புபவருக்கும், ஜார்ஜ் டவுன் குற்றவியல் நீதிமன்றத்திலோ பொன்னேரியிலோ தொழிலாளர் நீதிமன்றத்திலோ வழக்காட விரும்புபவருக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது.

இனி காலண்டர். சட்டப் படிப்புக்கு முக்கியமான நுழைவு வழிகள் இரண்டு. இரண்டும் ஆண்டின் இரு முனைகளில் திறக்கின்றன. விவரம் தெரியாமல் முதல் வழியைத் தவறவிடுபவர்களே அதிகம்.

முதலாவது, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு. பிளஸ் டூ வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே இதற்கு விண்ணப்பம் திறந்துவிடும். தேர்வு டிசம்பர் முதல் வாரத்தில். அதாவது அரையாண்டுத் தேர்வு நேரத்தில், பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே. பொதுத்தேர்வு முடிவு வந்தபின் சட்டம் படிக்கலாம் என்று நினைப்பவருக்கு இந்த வாய்ப்பு அந்த ஆண்டுக்கு இல்லை.

இரண்டாவது, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கவுன்சலிங். இதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணே தரவரிசை. பொதுத்தேர்வு முடிவையொட்டி, மே மாத வாக்கில் ஐந்தாண்டுப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்குவார்கள். பட்டதாரிகளுக்கான மூன்றாண்டுப் படிப்புக்கு அதன்பின் தனியாக அறிவிப்பு வரும்.

வடசென்னை மாணவர்களில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டாவது வழியே முதன்மையான வழி. அதனால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

1997-இல் செயல்படத் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இரண்டு வகை இடங்கள் இருக்கின்றன. ஒன்று, பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளி. 2002-இல் தொடங்கியது, இப்போது பெருங்குடி வளாகத்தில் இயங்குகிறது. பி.ஏ., பி.பி.ஏ., பி.காம்., பி.சி.ஏ. ஆகியவற்றோடு சேர்ந்த எல்.எல்.பி. ஹானர்ஸ் படிப்புகள் இங்கே உண்டு. மற்றொன்று, மாநிலமெங்கும் உள்ள அரசு சட்டக் கல்லூரிகள். மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, செங்கல்பட்டு, வேலூர் என்று தொடங்கி, பிற்காலத்தில் வந்த விழுப்புரம், தருமபுரி, ராமநாதபுரம், சேலம், நாமக்கல், தேனி வரை இந்தப் பட்டியல் நீளும். சேலம் மத்திய சட்டக் கல்லூரி போன்ற தனியார் கல்லூரிகளும் இதே பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை.

இந்த இரண்டு வகைக்கும் விண்ணப்பம் தனித்தனி. பலர் இங்கே தடுமாறுகிறார்கள். ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டுக்கும் போட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஐந்தாண்டுப் படிப்புக்கு அரசு சட்டக் கல்லூரியில் விண்ணப்பிக்கப் பொதுப் பிரிவுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 45 சதவீதம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 சதவீதம் போதும். சீர்மிகு சட்டப் பள்ளி கேட்கும் குறைந்தபட்ச மதிப்பெண் இதைவிட நிறையவே அதிகம். கட் ஆஃப் அதற்கும் மேலே நிற்கும். ஆனாலும் தகுதி மதிப்பெண் இருந்தால் இரண்டுக்கும் போட்டுவிட வேண்டும். விண்ணப்பிக்காத இடம் ஒருபோதும் கிடைக்கப்போவதில்லை.

இடஒதுக்கீடு 69 சதவீதம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடக் குறைவாகத் தெரிந்த ஒன்று, 2021-இல் வந்த சட்டம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகியவற்றோடு சட்டப் படிப்பிலும் 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கப்படுகிறது. மாநகராட்சிப் பள்ளியும் இந்தக் கணக்கில் அரசுப் பள்ளியே. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளிகளை நம்பியிருக்கும் புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைக் குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய வாசல் வேறில்லை. எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ ஒரே ஓர் ஆண்டு தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் சிக்கல் வரக்கூடும். ஆகவே ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான படிப்புச் சான்றை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

கவுன்சலிங்கில் கல்லூரி வரிசை எழுதும்போது பேசின் பிரிட்ஜ் மாணவர் கையில் ரயில் வரைபடம் இருக்க வேண்டும். பட்டரைப்பெரும்புதூர் பெயரைக் கேட்டால் தொலைவாகத் தோன்றும். ஆனால் திருவள்ளூர், அரக்கோணம் போகும் யூனிட் ரயில் பேசின் பிரிட்ஜ் வழியாகத்தான் போகிறது. காலையில் கூட்டம் நகரத்தை நோக்கி வரும்போது இவர்கள் எதிர்த்திசையில் போவார்கள். உட்கார இடம் கிடைக்கும். திருவள்ளூரில் இறங்கி பஸ். சீசன் டிக்கெட் செலவும் குறைவு. புதுப்பாக்கம் கதை வேறு. வடசென்னையிலிருந்து நகரத்தின் மொத்த நீளத்தையும் கடந்து, பழைய மாமல்லபுரம் சாலையின் நெரிசலைத் தாண்டி, கேளம்பாக்கம் வரை போக வேண்டும். தினசரி போய்வர நினைப்பவர் பட்டரைப்பெரும்புதூரை முன்னால் எழுதுவதே சரி. பெருங்குடிக்கு சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்தால் போதும். செங்கல்பட்டு கல்லூரிக்குக் கடற்கரையிலிருந்து நேரடி ரயில் இருக்கிறது, நேரம்தான் கூடுதல்.

நல்ல விடுதி கிடைத்தால் திருச்சி, மதுரை, கோவையையும் வரிசையில் எழுதலாம். ஆனால் ஒரு விஷயத்தை எடைபோட வேண்டும். சென்னையில் வழக்காட விரும்புபவர் சென்னைக்கு அருகில் படித்தால், கல்லூரி விடுமுறை நாளில் உயர் நீதிமன்றத்துக்கும் எழும்பூர், சைதாப்பேட்டை நீதிமன்றங்களுக்கும் போய்வர முடியும். ஐந்தாண்டு முடிவில் யாரிடம் ஜூனியராகச் சேர்வது என்பது அதில்தான் முடிவாகும். வழக்கறிஞர் குடும்பத்துப் பிள்ளைக்குச் சித்தப்பாவோ மாமாவோ சீனியரைக் காட்டிவிடுவார். முதல் தலைமுறையில் வருபவர் அந்தப் பழக்கத்தைத் தானே தேடிப் பெற வேண்டியிருக்கிறது.

இனி கிளாட். 2008-இல் தொடங்கிய இந்தத் தேர்வில் இப்போது 120 கேள்விகள், 120 நிமிடங்கள். தவறான விடைக்கு கால் மதிப்பெண் குறையும். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டப் பகுப்பாய்வு, தர்க்கம், அடிப்படைக் கணக்கு என ஐந்து பகுதிகளும் நீண்ட ஆங்கிலப் பத்திகளை வாசித்து விடை எழுதும் முறையிலேயே இருக்கும். சட்ட அறிவு முன்கூட்டியே தேவையில்லை. வேகமாக ஆங்கிலம் வாசிக்கும் பழக்கம் கட்டாயம் தேவை. தமிழ்வழியில் படித்தவருக்கு இது கடுமையான தடை. இந்திய மொழிகளிலும் கிளாட் நடத்த வேண்டும் என்று கேட்டு 2023-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே தொடரப்பட்டது. அந்தக் கோரிக்கை முற்றிலும் நியாயமானது.

கட்டணமும் சிறிதல்ல. அண்மை ஆண்டுகளில் விண்ணப்பத்துக்கே பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், பட்டியல் பிரிவினருக்கும் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கும் 3,500 ரூபாய் வாங்குகிறார்கள். சேர்ந்தபின் விடுதியோடு பெரும்பாலான தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு இரண்டு லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். கல்விக் கடன் கிடைக்கும். ஆனால் கடனோடு வெளியே வருபவர் முதல் மூன்றாண்டு குறைந்த வருமானத்தில் கீழமை நீதிமன்றத்தில் ஜூனியராக இருப்பது எளிதல்ல. தவணை கட்டவே நிறுவன வேலைக்குப் போக வேண்டிவரும். அதைத்தான் விரும்புகிறார் என்றால் கிளாட் நல்ல வழி.

வறிய குடும்பத்துப் பிள்ளைகளால் அங்கே போக முடியாது என்றும் நினைத்துவிடக் கூடாது. சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் ‘ஐடியா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பின்தங்கிய சூழலில் வளரும் மாணவர்களைத் தேடிப் பிடித்து, கிளாட் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்து, சேர்ந்தபின் கட்டணத்துக்கும் வழி தேடித் தருவதே அதன் வேலை. பஷீர் 2019-இல் காலமானார். அமைப்பு தொடர்ந்து இயங்குகிறது. பதினொன்றாம் வகுப்பிலேயே அதன் தேர்வைப் பற்றி விசாரிக்க வேண்டும். பிளஸ் டூ பாதியில் விசாரித்தால் காலம் கடந்திருக்கும். கிளாட் எழுதும் தமிழ்நாட்டு மாணவர் திருச்சி நாவலூர்குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தை விருப்ப வரிசையில் கட்டாயம் எழுத வேண்டும். 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இதில் மாநில மாணவர்களுக்கெனத் தனி இடங்கள் உண்டு.

தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சென்னையைச் சுற்றி நிறையவே இருக்கின்றன. சிலவற்றில் நல்ல ஆசிரியர்களும் நூலகமும் உண்டு. ஆனால் கட்டணத்தை ஐந்தால் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும்போது, வளாகத்தின் பளபளப்பைப் பார்த்து வீட்டை அடகு வைத்துத் தனியாரில் சேர்வதை இந்த நூல் ஒருபோதும் பரிந்துரைக்காது.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் இணையதளத்தில் ஒப்புதல் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. எந்த ஆண்டு வரை ஒப்புதல் என்றும் அதில் இருக்கும். அதில் பெயர் இல்லாத கல்லூரியின் பட்டத்தைக் கொண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. அஞ்சல் வழி எல்.எல்.பி.க்கும் இதே கதி. வகுப்புக்கே போக வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்று பக்கத்து மாநிலக் கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் வடசென்னைத் தெருக்களிலும் உலவுகிறார்கள். ‘லெட்டர்பேட் கல்லூரிகள்’ என்று சென்னை உயர் நீதிமன்றமே கண்டித்தது இந்த வகையைத்தான். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ என்ற வரிசையில் படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்கும் பதிவில் சிக்கல் வரும். வேலை பார்த்துக்கொண்டே படித்து முன்னேறிய தொழிலாளர்கள் பலர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன்பே வழக்கறிஞர் மன்றத்தில் எழுதிக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

ஐந்தாண்டா, பட்டம் முடித்தபின் மூன்றாண்டா? பிளஸ் டூவிலேயே சட்டம் என்று உறுதியாக இருப்பவருக்கு ஐந்தாண்டுப் படிப்பு ஓர் ஆண்டை மிச்சப்படுத்தும். உறுதியில்லாதவர் பி.காம். முடித்து வேலைக்குப் போய்ச் சிறிது சேமித்துவிட்டு மூன்றாண்டுப் படிப்புக்கு வரலாம். அதில் குறைவொன்றும் இல்லை. மீனவச் சமூகத்தில் பிறந்த ம. சிங்காரவேலர் சட்டப் பட்டம் பெற்று உயர் நீதிமன்ற வழக்கறிஞரானபோது நாற்பது வயதைக் கடந்திருந்தார். நீதிபதித் தேர்வைக் குறிவைப்பவர்கள் ஒரு தீர்ப்பை நினைவில் வைக்க வேண்டும். உரிமையியல் நீதிபதிப் பதவிக்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் கொண்டுவந்தது. ஆகவே பட்டம் வாங்கியதும் நேராக நீதிபதித் தேர்வு என்ற திட்டம் இனி நடக்காது. எட்டாண்டுக் கணக்கு என்று தொடக்கத்தில் சொன்னது இவர்களுக்கும் பொருந்தும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைவிட, மாணவர்கள் பயிற்சிக்கு எங்கே போகிறார்கள் என்று கேட்பது பயன்தரும். வழக்கறிஞர் மன்ற விதிப்படி ஐந்தாண்டு மாணவர் மொத்தம் 20 வாரமும் மூன்றாண்டு மாணவர் 12 வாரமும் பயிற்சி முடிக்க வேண்டும். பேசின் பிரிட்ஜ் பக்கத்து மாணவருக்கு இதில் இயல்பான பலம் ஒன்று இருக்கிறது. சட்டத்தின் பெரிய கேள்விகள் அவர் தெருவிலேயே எழுந்தவை. ஸ்டேஷனுக்கு அருகில் இருந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள்தான் 1918 ஏப்ரல் 27 அன்று மெட்ராஸ் லேபர் யூனியனைத் தொடங்கினார்கள். 1920-இல் ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீது வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. தொழிலாளரை ஒன்றுதிரட்டியதே ஒப்பந்தத்தை மீறத் தூண்டிய குற்றமாகச் சொல்லப்பட்டது. சங்கம் வைப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்று நாட்டுக்கு உணர்த்திய வழக்கு அது. அதையடுத்து எழுந்த கோரிக்கையின் விளைவாக 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

நூறாண்டு கழித்தும் இங்கிருந்து சட்டக் கேள்விகள் எழுவது நிற்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. இரண்டையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரித்தது. அந்த அமர்வு இருப்பது சேப்பாக்கம் கலச மகாலில். மீனவர் இழப்பீடு, சாம்பல் கழிவு, ஒப்பந்தத் தொழிலாளர் விபத்து, குடிசைப் பகுதி வெளியேற்றம் என வடசென்னையில் வழக்கறிஞர் தேவைப்படும் விஷயங்கள் ஏராளம். அவற்றைத் தங்கள் வாழ்க்கையிலிருந்தே அறிந்த வழக்கறிஞர்கள் போதிய அளவில் இல்லை என்பதே இந்த அத்தியாயம் எழுதப்படக் காரணம். சுற்றுச்சூழல் சட்டம், தொழிலாளர் சட்டம் ஆகியவற்றை அக்கறையோடு நடத்தும் ஆசிரியர் எந்தக் கல்லூரியில் இருக்கிறார் என்று இப்போது படிக்கும் மாணவர் இரண்டு பேரிடம் விசாரித்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

படிப்புக்குப் பிந்தைய செலவில் ஒரு சுமை குறைந்திருக்கிறது. வழக்கறிஞராகப் பதிவு செய்ய மாநில மன்றங்கள் முன்பு பல ஆயிரம் ரூபாய் வாங்கின. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய் மட்டுமே. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வழிசெய்யுமாறு மாநில வழக்கறிஞர் மன்றத்துக்கு உத்தரவிட்டது. எல்லா அலுவலகங்களும் இதைக் கடைப்பிடிக்கின்றன என்று நம்பிக் கணக்குப் போட வேண்டாம். ஆனால் சேரும் முன்பே சீனியரிடம் கேட்கும் உரிமை இப்போது இருக்கிறது.

மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து 80 சதவீதம் எதிர்பார்க்கும் ஒரு மாணவிக்கு, வடசென்னையில் வழக்காடும் விருப்பம் இருந்தால், பட்டியல் இப்படி அமையலாம்: சீர்மிகு சட்டப் பள்ளிக்கு ஒரு விண்ணப்பம், அரசு சட்டக் கல்லூரிகளுக்கு ஒன்று, அதில் முதலில் பட்டரைப்பெரும்புதூர், பிறகு செங்கல்பட்டு, புதுப்பாக்கம், விடுதியோடு வேலூர், புதுச்சேரி காலாப்பட்டில் உள்ள அரசு சட்டக் கல்லூரியில் வெளிமாநிலத்தவருக்கு இடம் அறிவித்தால் அங்கும் ஒன்று. ஆங்கில வாசிப்பு நன்றாக இருந்தால், பயிற்சிக்கு இலவச உதவியும் கிடைத்தால், கிளாட். தனியார் பல்கலைக்கழகம் இந்தப் பட்டியலில் தேவையில்லை.

உயர்கல்வியில் சேரும் அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் பட்டியல் பிரிவு மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தனியாக உண்டு. பயணச் செலவுக்கும் புத்தகச் செலவுக்கும் இவை ஓரளவு ஈடுகொடுக்கும்.

இத்தனைக்கும் சான்றிதழ் வேண்டும். மே மாதத்தில் எல்லோரும் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்புகள் தேங்கும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த சான்று ஆகிய நான்கையும் பிளஸ் டூ காலாண்டு விடுமுறையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிலும் பெயரின் எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்பதையும் அதே வாரத்தில் பார்த்துவிடுங்கள்.